படிக்கத் தெரியாத கடிதம்

“டீச்சர், அடிச்சது நான்தான். ஆனா எனக்கே படிக்கத் தெரியாதே. தப்பா வந்திருந்தா?”

சேர்மக்கனி மூன்றாவது தடவையாகக் கேட்டான்.

மும்பையில் பிறந்து வளர்ந்த நாற்பத்தாறு வயது ஆள். தமிழை வாய் கிழியப் பேசுவான். எழுத்தைத் தலைகீழாக நீட்டினாலும் அவனுக்கு ஒன்றுதான். ஆங்கில எழுத்தில் தட்டினால் கணினி அதைத் தமிழாக்கித் தரும் என்று கேள்விப்பட்டு, ரெஜினா டீச்சரின் தட்டச்சு வகுப்பில் சேர்ந்திருந்தான். டீச்சர் அவனைவிடப் பதினெட்டு வயது இளையவள்.

சொந்த ஊருக்கே திரும்பிவிட்ட அப்பாவுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. போனில் பேச வழியில்லை. வெள்ளிக்கிழமை இதய அறுவை சிகிச்சை. கூரியர் கடை ஐந்து மணிக்கு மூடிவிடும். மணி நாலே கால்.

“வேற யாரையாவது எழுதச் சொல்லலாமே, அண்ணாச்சி?”

“மன்னிப்பை அடுத்தவங்க கையால கேக்கவா?”

டீச்சர் திரையில் இருந்ததை வாசித்தாள்.

“‘அன்புள்ள அப்பாவுக்கு. இங்கு அனைவரும் நலம். மழை பலமாகப் பெய்கிறது. மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடவும்.’ ஒரு பிழையும் இல்ல.”

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“மன்னிப்பு எங்க?” என்றாள் டீச்சர்.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

டீச்சர் எல்லாவற்றையும் அழித்தாள். பிறகு திரையை அணைத்தாள்.

“இப்ப அடிங்க.”

“ஐயோ, என்ன வருதுன்னு தெரியாதே!”

“திரை எரிஞ்சப்ப மட்டும் தெரிஞ்சுதா?”

அவன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். வாய்க்குள் சொல்லிச் சொல்லி அடித்தான்.

அப்பா. அம்மா செத்தப்ப டிக்கெட் கிடைக்கலன்னு சொன்னேனே, அது பொய். டிக்கெட் என் கையில இருந்துச்சு. உயிரோட இருந்து கூப்பிட்டப்ப வராதவன், இப்ப எந்த முகத்தோட வருவேன்னு ஸ்டேஷன்லயே உக்காந்துட்டேன். ரயில் போயிட்டு.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே மீதியையும் அடித்தான்.

பிரிண்டரிலிருந்து தாள் வந்தது. டீச்சர் அதைப் படிக்காமலே மடித்து உறைக்குள் வைத்தாள்.

அவன் பதறிப்போனான்.

“பாக்கலையா டீச்சர்? ஒரு எழுத்து மாறியிருந்தாக்கூட அவருக்கு விளங்காதே!”

அவள் உறையை அவன் கையில் கொடுத்தாள்.

“பெத்தவருக்கு உங்க குரல் தெரியாதா, அண்ணாச்சி?”