மைக்கைப் பிடித்தபடி தூங்கியவள்

“குருவே, சத்தம் செத்துப்போச்சு!”

சிவமலை லேப்டாப்பை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு நின்றார். ஆட்டோவில் ஓடும் அறிவிப்புகளுக்குக் குரல் கொடுப்பவர். கோயில் திருவிழாவுக்கு ஒரு குரல், ஆடித் தள்ளுபடிக்கு ஒரு குரல், கட்சிக்கு ஒரு குரல். புலம்புவதற்கு மட்டும் சொந்தக் குரல்.

குருவுக்கு வயது இருபத்திரண்டு. பெயர் செவ்வந்தி. விண்டோஸுக்குப் பதிலாகப் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் இலவச லினக்ஸை, நூலக மாடியில் ஞாயிறுதோறும் சொல்லித் தருகிறாள்.

“லினக்ஸுக்கு எதுக்குங்கண்ணா வந்தீங்க?”

“‘கம்ப்யூட்டர் பழசு, புதுசு வாங்கு’ன்னு ஸ்கிரீன்ல வந்துச்சு அம்மணி. நானுந்தான் பழசு. என்னையும் தூக்கிப் போடுவாங்களா? மாட்டேன்னுட்டேன்.”

“விண்டோஸ்?”

“அதுவும் ஓரமா கெடக்குது. ஆன் பண்ணினா, எது வேணும்னு கேட்கும்.”

நாலு மணிக்கு, சாயப்பட்டறைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்த ஆட்டோ கிளம்ப வேண்டும். அதற்கான அறிவிப்பை லினக்ஸில்தான் பதிவு செய்வேன் என்று சிவமலை ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்ட மைக்செட் கடை ராக்கியண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். “நாலு மணிக்குள்ள விண்டோஸுக்கே ஓடிருவீங்க. மீசையைப் பந்தயம் வெக்கிறீங்களா?”

சிவமலை வைத்துவிட்டார். இப்போது மணி மூன்று.

“முதல் நாள் நல்லாத்தான் பேசுச்சு குருவே. அப்புறம் ஊமை. பேசினாலும் பதிவாகலை, போட்டாலும் கேட்கலை. ஸ்பீக்கர் போச்சோன்னு விண்டோஸுக்குப் போய்ப் பார்ப்பேன். அங்கே கணீர்னு கேட்குது. அணைச்சுட்டு இங்கே வந்தா, மறுபடி ஊமை.”

“தினமும் போய்ப் பார்ப்பீங்களா?”

“பார்க்காம? ஒரு தடவைக்கு நாலு தடவை!”

குரு எழுந்தாள். அவர் சட்டைப்பையிலிருந்த மைக்கை உருவினாள். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெஞ்சில் படுத்துக் கண்ணை மூடினாள்.

“அம்மணி! மைக்கு!”

“தூங்குறனுங்க.”

“வெளையாடாதே. நான் பேசணும்!”

“பேசுங்க. நாந்தான் தூங்குறனே.”

சிவமலை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. கட்சிக் குரலில் அதட்டினார். திருவிழாக் குரலில் கெஞ்சினார். குரு குறட்டை விட்டாள்.

“தூங்குறவ அதை விட்டுட்டுத் தூங்கு தாயி!”

குரு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். “இதை அதுகிட்டச் சொன்னீங்களா?”

சிவமலை லேப்டாப்பைப் பார்த்தார்.

“நான் ஒழுங்காத்தானே அணைச்சேன்?”

“விண்டோஸ் அணையலைங்கண்ணா. அடுத்த தடவை சீக்கிரம் எந்திரிக்கணும்னு அரைத்தூக்கத்துல கெடக்குது. சத்தம் தர்ற சவுண்டு கார்டு அதோட கைக்குள்ள.”

விண்டோஸுக்குக் கடைசியாக ஒருமுறை போனார். ‘வேகமாகத் தொடங்கு’ என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்தார். முழுசாக அணைத்தார். லேப்டாப் விசிறியின் முனகல் அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி ஆன் செய்தார்.

திரையில் இரண்டு பெயர்கள்: மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ்.

பழக்கதோஷத்தில் விரல் கீழ்ப் பெயருக்கு நகர்ந்தது. அங்கே சத்தம் இன்னும் வருகிறதா, சும்மா ஒரு...

பெஞ்சிலிருந்து குறட்டை கேட்டது.

விரலை வெடுக்கென்று எடுத்தார். மேல் பெயரைத் தட்டினார். மைக்கைக் கேட்டார். இந்தத் தடவை குரு கொடுத்துவிட்டாள்.

பேசி முடித்து நெற்றியைத் துடைக்கும்போது போன் அடித்தது. ராக்கியண்ணன்.

“என்னங்க, விண்டோஸுக்கே திரும்பியாச்சா? பிளேடு வாங்கி வெச்சிருக்கேன்.”

சிவமலை போனை லேப்டாப் ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்துப் பதிவை ஓட விட்டார்.

“தோழர்களே! ஒரு அடிகூடப் பின்வாங்க மாட்டோம்!”