அசையாமல் நின்ற மான்குட்டி

ஒரு காட்டில் ஒரு புள்ளிமான் கூட்டம் மேய்ந்து வந்தது. பிள்ளைகளே, அந்த மான்கள் புல் தின்ற நேரத்தைவிட ஊர்க்கதை பேசிய நேரம்தான் அதிகம். வாய் ஓய்ந்த மான் அங்கே கிடையாது.

ஒரே ஒரு குட்டியைத் தவிர. அதன் பெயர் பொட்டு.

பொட்டுக்குக் கண் கூர்மை, காது அதைவிடக் கூர்மை. ஆனால் அதன் வயதுக் குட்டிகளெல்லாம் "அம்மா, தண்ணி" என்று நச்சரிக்கத் தொடங்கிய பிறகும் பொட்டின் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. தாகம் எடுத்தால் அது தாயின் விலாவை முட்டும். பயந்தால் தாயின் வயிற்றுக்கடியில் ஒளியும். அவ்வளவுதான் அதன் பேச்சு.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மான் முதலில் புலியைப் பார்க்கிறதோ, அது "புலி" என்று கத்த வேண்டும். கத்தத் தெரிந்த குட்டிகளைக் கூட்டத்தின் நடுவில் விடுவார்கள். கத்தத் தெரியாததை ஓரத்தில் நிறுத்துவார்கள். புலி வந்தால் முதலில் எட்டுவது ஓரம்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். பேசத் தெரிந்த குட்டியை இழக்க யாருக்கும் மனமில்லை.

பொட்டு ஓரத்தில்தான் நின்றது. அதன் தாயும் கூடவே ஓரத்தில் நின்று, புல்லை மறந்து புதரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் இருவரும் ஒரு நாவல் மரத்தடியில் மேய்ந்தார்கள். மரத்தின் மேலே ஒரு கருமுக மந்தி தன் குட்டியை வயிற்றில் அணைத்துக்கொண்டு கிளையை ஆட்டிப் பாடிக்கொண்டிருந்தது.

மந்தி கீழே எட்டிப் பார்த்தது. "அக்கா, உன் பிள்ளை என் பாட்டுக்குக் கால் தட்டுகிறான். கவனித்தாயா?"

"தட்டுவான். பேசத்தான் மாட்டான்" என்றது தாய்மான்.

"தாளம் காதில் ஏறியிருக்கிறது. அப்படியானால் பேச்சும் ஏறும். கொஞ்ச நேரம் என்னோடு விளையாட விடு."

தாய்மானுக்குத் தயக்கம்தான். ஆனாலும் விட்டது. அதற்கு வேறு வழி ஏது?

மந்தி ஒரு இலையைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டது. கிளையைக் குலுக்கிப் பாடியது.

"மேலே ஆடுது கிளை,
கீழே விழுது..."

அங்கே நிறுத்தியது. இலையைக் கீழே போடவில்லை. புருவத்தை உயர்த்திக்கொண்டு பொட்டையே பார்த்தது.

பொட்டு காலைத் தட்டியது. வாயைத் திறந்தது. மூடியது.

"இலைடா, இலை! சொல்லேன்" என்றது தாய்மான்.

"அக்கா, நீயே சொல்லிவிட்டால் அவன் எதற்குச் சொல்ல வேண்டும்? அந்த இடம் அவனுடையது. சும்மா இரு" என்றது மந்தி.

தாய்மானுக்குச் சும்மா இருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலையாக இருந்தது. பிள்ளையின் வாய் திறக்கும்போதெல்லாம் அதன் வாயும் திறந்தது. மந்தி முறைத்த பிறகு மூடியது.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. மந்தி அதே பாட்டைச் சலிக்காமல் பாடியது. கிளையை ஆட்டும், பாடும், நிறுத்தும், காத்திருக்கும். பொட்டும் கிளையோடு சேர்ந்து ஆடும், குதிக்கும், தட்டும். ஒரு காலையில் மந்தி "கீழே விழுது..." என்று நிறுத்தியபோது, பொட்டு முன்னங்காலை ஓங்கித் தரையில் தட்டியது. அந்தத் தட்டோடு சேர்ந்து வாயிலிருந்து "லை" என்று ஒரு சத்தம் விழுந்தது.

மந்தி உடனே இலையைப் போட்டது.

பொட்டு அந்த இலையைத் தின்னவில்லை. மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தது. தாய்மான் மரத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதது. சந்தோஷமாக அழுவதற்கும் ஒளிந்துகொள்ளும் பழக்கம் அதற்கு.

அதன் பிறகு "பழம்" வந்தது. "தண்ணி" வந்தது. ஒரு நாள், தாய்மானைச் சுற்றிச் சுற்றி ஓடும் பாட்டின் கடைசியில், "அம்மா" வந்தது. ஒவ்வொரு சொல்லும் பாட்டோடுதான் வந்தது, கால் தட்டோடுதான் வந்தது. பாட்டில்லாமல் கேட்டால் பொட்டு திருதிருவென்று விழித்தது.

"இப்படியே ஆடிக்கொண்டுதான் பேசுவானா?" என்று தாய்மான் கவலையோடு கேட்டது.

"இல்லை அக்கா. நடை வருகிறவரை பிள்ளை எதையாவது பிடித்துக்கொள்ளும் அல்லவா? அதுபோலத்தான். சொல் உறுதிப்பட்டதும் பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். கால் தானாக நின்றுவிடும். நடுவில் பிடுங்கினால் எல்லாம் போய்விடும்."

பிறகு மந்தி பெரிய பாட்டை ஆரம்பித்தது. பொட்டு நடுவில் நிற்க வேண்டுமானால் எந்தச் சொல் வேண்டுமோ, அதற்கான பாட்டு.

"காலைத் தட்டு, தொம் தொம்,
காதைத் தூக்கு, தொம் தொம்,
புல்லுக்குள்ளே யாரு யாரு?
புல்லுக்குள்ளே..."

"புலி" என்றது பொட்டு. முதலில் "லி" என்றுதான் சொன்னது. பிறகு முழுசாகவே சொன்னது. மரத்தடியில் வேறு யாரும் இல்லாதபோது, மந்தியும் தாயும் மட்டும் கேட்க, தெளிவாகச் சொன்னது.

தாய்மான் இதைக் கூட்டத்தில் யாரிடமும் சொல்லவில்லை. "இப்போது சொன்னால் 'பேசு பார்ப்போம்' என்பார்கள். இவன் ஆடுவான். சிரிப்பார்கள். நன்றாகப் பேசின பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்று நினைத்தது. பிள்ளைகளே, அதற்குப் புலியைவிடச் சிரிப்பின் மேல்தான் பயம் அதிகம்.

ஆனால் காட்டில் எது மறையும்? பொட்டின் பெரியம்மா மான் ஒரு நாள் தண்ணீருக்குப் போகும் வழியில் நாவல் மரத்தடியை எட்டிப் பார்த்துவிட்டது. மந்தி பாடுவதையும் பொட்டு குதிப்பதையும் பார்த்தது. கடைசிச் சொல் வரும்வரை அங்கே நிற்க அதற்குப் பொறுமையில்லை.

அன்று மாலைக்குள் கூட்டம் முழுக்கப் பேச்சு பரவியது.

"வாய் வராத பிள்ளையைக் குரங்கிடம் விட்டிருக்கிறாளாம். குரங்கு கையில் பூமாலை கொடுத்த மாதிரிதான்."

"பேச்சும் இல்லை. இப்போது குணமும் குரங்குக் குணமாகிவிடும்."

"பாவம், பெற்றவளுக்கே ஏதோ ஆகிவிட்டது."

தாய்மான் தலையைக் குனிந்துகொண்டே புல் மேய்ந்தது.

மறுநாள் கூட்டம் குளத்துக்குப் போனது. குளம் வெட்டவெளியில் இருந்தது. சுற்றிலும் உயரமான கோரைப் புல், ஒரு மரம்கூடக் கிடையாது. பொட்டு தண்ணீரைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டது. கரையில் நின்று காலைத் தட்டியது. "தொம் தொம்" என்று ஈரமண் அதிர்ந்தது.

அங்கே ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. அதன் அலகுக்கு நேரே வந்துகொண்டிருந்த கெண்டை அந்த அதிர்வில் ஓடி மறைந்தது. கொக்குக்குக் கோபம் வந்தது. கோபத்தைக் காட்டினால் யார் கேட்பார்கள்? அறிவுரையாகச் சொன்னால் கேட்பார்கள். கொக்குக்கு இது தெரியும்.

"அம்மா, ஒன்று சொன்னால் வருத்தப்படமாட்டீர்களே?" என்று தாய்மானிடம் கேட்டது. "பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று கேள்விப்பட்டேன். எப்படி வரும்? பேச்சு எல்லாம் காலுக்கு இறங்கிவிட்டதே."

"காலுக்கா?"

"ஆமாம். என்னைப் பாருங்கள். விடிந்ததிலிருந்து நிற்கிறேன். ஒரு இறகு அசைந்ததா? உடம்பு அடங்கினால்தான் நாக்குக்கு வலு வரும். இவனை இந்தக் கரையில் அசையாமல் நிற்கப் பழக்குங்கள். பாட்டு, ஆட்டம், கால் தட்டுவது எதுவும் கூடாது. சொல் தானாக மேலே ஏறும்."

கொக்கு அதுவரை யாருக்கும் பேச்சுப் பழக்கியதில்லை. அது வாயைத் திறப்பதே மீன் பிடிக்கத்தான். ஆனால் குறைவாகப் பேசுகிறவர்கள் எது சொன்னாலும் உண்மை என்று நம்பிவிடுவது அந்தக் கூட்டத்தின் குணம்.

"கொக்கு சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றது பெரியம்மா மான். எல்லா மான்களும் தலையாட்டின.

தாய்மான் நாவல் மரத்தடிக்குக் கடைசியாக ஒரு முறை போனது. "இனி வரமாட்டோம்" என்றது.

மந்தி கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தது. "அக்கா, சொல் இப்போதுதான் வேர் பிடிக்கிறது. இந்த நேரத்தில் நிறுத்தாதே."

"ஊரே சிரிக்கிறது."

"ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். ஓரத்தில் நிற்பது உன் பிள்ளை."

"உனக்கென்ன? உன் பிள்ளை பேசுகிறது" என்றது தாய்மான்.

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தது. பொட்டு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே தாயின் பின்னால் போனது.

அன்றிலிருந்து குளக்கரையில் நிற்பதுதான் பொட்டின் பாடம். கால் துடித்தால் தாய்மான் தன் குளம்பால் அந்தக் காலை மிதித்துப் பிடிக்கும். "அசையாதே. இப்போது சொல். புலி." பொட்டு வாயைத் திறக்கும். வெறும் காற்றுதான் வரும். "அசையாதே. மறுபடி சொல்." மறுபடியும் காற்றுதான்.

நாளாக ஆக "பழம்" போனது. "தண்ணி" போனது. "அம்மா" போன நாளைத் தாய்மான் கவனிக்கவில்லை. பிள்ளை அசையாமல் நிற்கிறானா என்றுதான் அது பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்ல ஒழுக்கம்" என்று கொக்கு பாராட்டியது. அதற்கு இப்போது நிறைய மீன் கிடைத்தது.

கோடை வந்தது. காட்டில் மற்ற நீர்நிலைகள் வற்றின. எல்லாரும் அந்த ஒரே குளத்துக்கு வரத் தொடங்கினார்கள். எல்லாரும் என்றால் புலியும்தான்.

தாய்மான் கூட்டத்தலைவனான பெரிய கொம்புமானிடம் போய்க் கெஞ்சியது. "ஐயா, இந்தக் கோடை மட்டுமாவது என் பிள்ளையை நடுவில் விடுங்கள்."

"வழக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான். எல்லார் முன்னாலும் அந்த ஒரு சொல்லைச் சொல்லட்டும். இன்றைக்கே நடுவில் விடுகிறேன்" என்றது கொம்புமான்.

கூட்டம் முழுக்கக் குளக்கரையில் கூடியது. பொட்டு ஓரத்தில், கோரைப் புல்லை ஒட்டி நின்றது.

"சொல் பார்ப்போம்" என்றது கொம்புமான்.

பொட்டு வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. அப்போது அதன் காது சடக்கென்று நிமிர்ந்தது. கண் கோரைப் புல்லின் பக்கம் திரும்பி அங்கேயே நின்றது. அங்கே காற்றில்லாமல் புல் அசைந்தது. புல்லுக்குள் வரிவரியாக ஏதோ தெரிந்தது.

கொக்கும் அதைப் பார்த்தது. ஆனால் அந்த நேரம் ஒரு பெரிய கெண்டை பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அதனால் கொக்கு அசையவில்லை.

பொட்டுக்கு அந்தச் சொல் வேண்டும். அது பாட்டின் கடைசியில் இருந்தது. அங்கே போய்ச் சேர அதற்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். அது முன்னங்காலைத் தூக்கித் தரையில் தட்டியது. தொம் தொம். காதைத் தூக்கியது. தொம் தொம். பாட்டின் சொற்கள் பாதியும் முனகல் பாதியுமாக வாயிலிருந்து வந்தன.

"ஆட்டம் ஆரம்பித்துவிட்டது" என்றது பெரியம்மா மான். கூட்டம் சிரித்தது.

"புல்லு... யாரு... யாரு..." என்றது பொட்டு. இன்னும் வேகமாகத் தட்டியது. தலையைக் கோரைப் பக்கம் ஆட்டிக்கொண்டே தாயைப் பார்த்தது.

தாய்மான் பிள்ளையின் கண்ணைப் பார்த்திருந்தால் போதும். அது கூட்டத்தின் பல்லைப் பார்த்தது. காது மடல் வரைக்கும் அவமானம் ஏறியது.

"புல்லுக்குள்ளே..." என்றது பொட்டு.

"போதும். அசையாதே. அப்படியே நில்" என்று தாய்மான் அதட்டியது.

பொட்டு சொன்ன பேச்சுக் கேட்கிற குட்டி. தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தது. வாயை மூடிக்கொண்டது.

கோரைப் புல் பிளந்தது. புலி பாய்ந்தது. கூட்டம் நாலாபக்கமும் சிதறி ஓடியது. தாய்மானும் ஓடியது. ஓடாமல் நின்றது பொட்டு மட்டும்தான். அதை அப்படித்தானே நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

மேட்டுக்குப் போன பிறகு மான்கள் ஒவ்வொன்றாக ஒன்று சேர்ந்தன. மூச்சு வாங்கி முடிந்ததும் அவற்றின் பேச்சு மறுபடி ஆரம்பித்தது.

பெரியம்மா மான் தாய்மானின் பக்கத்தில் வந்து நின்றது. "மனதைத் தேற்றிக்கொள்ளடி. ஊமைப் பிள்ளை. எத்தனை நாள் வைத்துக் காப்பாற்றியிருப்பாய்?"

"அவன் ஊமை இல்லை" என்றது தாய்மான்.

எல்லா மான்களும் திரும்பிப் பார்த்தன.

"அவன் பேசுவான். என்னை அம்மா என்று கூப்பிட்டான். புலி என்று முழுசாகச் சொன்னான். நான் என் காதால் கேட்டேன்."

"எங்கள் காதில் ஒரு நாளும் விழவில்லையே" என்றது கொம்புமான். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டது. "பேசத் தெரிந்த பிள்ளை, புலியை அவ்வளவு பக்கத்தில் பார்த்தும் ஏன் சொல்லவில்லை?"

அதற்கான பதில் தாய்மானுக்குத் தெரியும். அது தலையைக் குனிந்து, பசியில்லாமல் புல்லை மேயத் தொடங்கியது.

நீதி: ஊர் வாய்க்குப் பயந்து பிள்ளையின் வாயை அடைக்காதே.