சவரியம்மா பூட்டிய பிரேக்

"பாய், நீங்க ஒரு வார்த்தை சொன்னா இந்த மனுசன் வண்டியை எடுத்துட்டுப் போயிடுவாரு. வாயைத் திறந்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள் சவரியம்மா.

பீரான் பாய் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

இருபது வருசம் தேயிலை கிள்ளிவிட்டு, "எனக்கு மெக்கானிக் வேலை கத்துக் குடுங்க" என்று வால்பாறையில் அவர் ஒர்க்‌ஷாப்பில் வந்து நின்றவள் அவள். பாய் அவளைவிட ஐந்து வயது சின்னவர். இரண்டு வருசம் வண்டி கழுவவிட்டார். போன வாரம்தான் இந்தப் பழைய பைக்கின் முன் பிரேக்கை நம்பிக் கொடுத்தார்.

இரண்டு மழைக்காலம் கொட்டகையில் நனைந்து கிடந்த வண்டி. பிரேக்குக்குள் பிஸ்டன் துருவேறி இறுகி, சக்கரத்தைச் சுற்றவிடவில்லை. பிளேயர் போட்டு இழுத்தால் கீறிவிடும். அவள் இழுக்கவில்லை. புது பிரேக் ஆயிலை ஊற்றி, கைப்பிடியை அமுக்கி அமுக்கி, ஆயில் தள்ளுகிற தள்ளிலேயே மூன்று நாளில் அதை மயிரிழை மயிரிழையாக வெளியே வரவைத்தாள். அதில் அவளுக்குக் கர்வம்தான். ஏன், இருக்கக் கூடாதா?

வண்டிக்காரர் மலையப்பன் தலையைச் சொறிந்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. தினமும் என் மகளைப் பின்னால வச்சுப் பதினோரு வளைவு இறங்கணும். லைட்டு, ஹாரன்னா பரவாயில்ல. பிரேக்கைப் போய் ஒரு பொம்பளை..."

"ஏண்ணே, பிரேக் பூட்டுற கைக்கு மீசை வேணுமா?"

"பாய், நீங்களே ஒருக்கா கழட்டிப் பூட்டிக் குடுத்திடுங்க."

பாய் கைவைத்தால் மத்தியானத்துக்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் ஆயுசுக்கும் வண்டி கழுவுகிற தண்ணீர்க் குழாய்தான்.

பாய் டீ டம்ளரை வைத்தார். முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு முன்னால் இருந்த இறக்கத்தில் இறங்கினார். அடியில், பாதைக்கு நடுவே அதைப் போட்டு, மேலே பார்த்து உட்கார்ந்தார்.

"அக்கா, வண்டியை எடுங்க. வேகமா வந்து என் முட்டிக்கு முன்னால நிறுத்துங்க."

"ஒங்க பாய்க்குக் கிறுக்கு பிடிச்சிருச்சா?" என்றார் மலையப்பன்.

அவள் ஏறி உட்கார்ந்து உதைத்தாள். வண்டி பிடித்துக்கொண்டது. கைப்பிடியை அமுக்கினாள். கெட்டியாக இருந்தது. விட்டாள். மறுபடி அமுக்கினாள்.

கீழே பாய் முடிவெட்டிக்கொள்ள வந்தவரைப் போல மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சவரியம்மாவின் சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. பிஸ்டனுக்குப் போடும் புது ரப்பர் வளையம். நேற்றே பொள்ளாச்சியிலிருந்து பஸ் கண்டக்டர் கையில் வந்திருக்க வேண்டும். பாதையில் யானை நின்றதால் பஸ் வரவில்லை; இன்று மலையப்பன் வந்து நின்ற பிறகுதான் பொட்டலம் கைக்கு வந்தது. காலையில் வண்டி தருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. சொன்னபடி கொடுத்துக் காட்டுகிற வீம்பில் நேற்று ராத்திரி பழைய வளையத்தையே பெட்ரோலில் கழுவிப் போட்டுவிட்டாள். கழுவியதும் உப்பிக்கொண்டு புதுசாட்டம்தான் இருந்தது. ஆனால் பெட்ரோல் பட்ட ரப்பர் பிரேக்கில் ரொம்ப நாள் தாங்காது. யாருக்கும் தெரியாது.

வண்டியை அணைத்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"பழைய ரப்பர் போட்டிருக்கேன். மாத்தணும்." சொல்லும்போது முகமெல்லாம் கூசியது. ஆனாலும் சத்தமாகத்தான் சொன்னாள்.

"பாத்தீங்களா பாய், நான் சொல்லல?" என்றார் மலையப்பன். அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

பாய் எழுந்திருக்கவில்லை. "டீ ஆறிப் போயிருக்கும். வேற ஒண்ணு அனுப்புங்க அக்கா" என்றார்.

அவள் மலையப்பனைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் கண்ணெதிரே கழற்றினாள். பழைய வளையத்தைத் தூர எறிந்தாள். புதுசைப் பிரேக் ஆயிலில் நனைத்து, முறுக்கில்லாமல் காடிப் பள்ளத்தில் உட்கார வைத்தாள். பிஸ்டனை விரலால் தள்ளினாள், உள்ளே போனது. அமுக்கி அமுக்கி, குழாயில் ஒரு குமிழிகூட வராமல் ஆகும் வரைக்கும் காற்றை எடுத்தாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

கையைத் துடைத்தாள். சாவியை மலையப்பன் உள்ளங்கையில் வைத்தாள். விறுவிறுவென்று இறக்கத்தில் நடந்தாள்.

"எந்திரிங்க பாய்."

பாய் எழுந்தார்.

அவள் முக்காலியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு மேலே பார்த்தாள்.

"அண்ணே, பொம்பளை பூட்டின பிரேக்கு. அந்தப் பொம்பளைதான் முன்னால உக்காந்திருக்கேன். ஓட்டிட்டு வாங்க."