கிட்டாருக்குள் ஒரு பெயர்

கோமதிநாயகம் முப்பது வருடம் உப்பு ஆலைகளுக்கு மின்சாரப் பேனல் போர்டு கட்டியவர். ஓய்வு பெற்றதும் வீட்டில் இருப்புக் கொள்ளாமல், தூத்துக்குடியில் ஜெசிந்தா நடத்தும் கிட்டார் பட்டறையில் தொழில் கற்கச் சேர்ந்தார். அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. ஜெசிந்தாவுக்கு முப்பத்திரண்டு. அவர் ஜெசிந்தாவை மாஸ்டர் என்று கூப்பிட்டார். ஜெசிந்தா அண்ணாச்சி என்றார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சமில்லை.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை மாஸ்டருக்குத் திருப்தி என்றால், செய்தவர் கிட்டாரின் உள்குழியில் பென்சிலால் தன் பெயரை எழுதலாம். எட்டு மாதமாகியும் கோமதிநாயகத்தின் பெயர் எந்தக் கிட்டாருக்குள்ளும் ஏறவில்லை. ஆரம்பத்தில் அவர் மனைவி தினமும் விசாரித்தார். பிறகு விசாரிப்பதை விட்டுவிட்டார். அதுதான் அவரைக் குடைந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, ரோட்ரிகோ தன் எலெக்ட்ரிக் கிட்டாரோடு வந்தார். மறுநாள் மாதா கோயில் பூசையில் வாசிக்க வேண்டும். பாட்டுக்கு முன்னால் இரைச்சல்தான் சன்னதிக்குப் போகிறது என்று பாடகர் குழுவில் கேலி செய்கிறார்களாம். மாலை ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனார்.

“உள்ள வயர்ல சுத்தின துணியெல்லாம் நைஞ்சிருக்கும். வயர் பூராவும் மாத்திருங்க, அண்ணாச்சி,” என்றார் ஜெசிந்தா.

கோமதிநாயகம் திருகாணிகளைக் கழற்றினார். முகப்புத் தகடு புத்தக அட்டை போலத் திரும்பிப் பக்கத்தில் படுத்தது. உள்ளே துணி சுற்றிய பழைய வயர்கள் தேவைக்கு மேல் நீண்டு சுருண்டு கிடந்தன.

“கோழி கிளறின மாதிரி இருக்கு, மாஸ்டர். எவனோ அளந்து வெட்டத் தெரியாதவன்.”

ஜெசிந்தா வேறொரு கிட்டாருக்குத் தந்தி மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எந்த வயர் போடட்டும்?”

“மேசையில மூணு கிடக்கு. உங்களுக்கு எது சரின்னு படுதோ அது.”

கோமதிநாயகம் மூன்றையும் வளைத்துப் பார்த்தார். மெல்லிய இழைகள் கொண்ட இரண்டும் துவண்டு விழுந்தன. ஒற்றைக் கம்பி வளைத்த இடத்தில் வளைத்தபடி நின்றது. பேனல் போர்டில் ஒரு வயர் கோணலாகப் போனால் மொத்தத்தையும் பிடுங்கச் சொல்லும் இடத்தில் வளர்ந்த கை அது. ஒற்றைக் கம்பியையே எடுத்தது.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. ஒவ்வொரு வயரும் மூலைக்கு மூலை மடங்கி, போக வேண்டிய இடம் வரை போய் நின்றது. விரல்கடை கூட மிச்சமில்லை. தகட்டை மூடி ஆம்ப்ளிஃபயரில் செருகினார். இரைச்சல் இல்லை. ஜெசிந்தா ஒரு தந்தியை மீட்டினார். பிறகு ஆறையும். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

“சுத்தமா இருக்கு.”

கோமதிநாயகம் பென்சிலை எடுத்தார். “பேர் எழுதிரவா?”

“எழுதுங்க. உள்ளதான எழுதணும்.”

மறுபடி திருகாணிகளைக் கழற்றினார். தகடு இரண்டு விரல் உயரம் எழும்பி, வயர் இழுத்துப் பிடிக்க நின்றுவிட்டது. பென்சில் நுழையட்டும் என்று இன்னும் கொஞ்சம் தூக்கினார். உள்ளே டிக்கென்று ஒரு சத்தம். ஆம்ப்ளிஃபயர் வயரைச் செருகும் முனைக்குப் போகும் கம்பி, பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒடிந்திருந்தது.

ஆறு மணிக்குள் திரும்பச் செய்துவிடலாம். அது இருவருக்கும் தெரியும். ஆனாலும் பென்சிலை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“எந்த வயர் போட்டிருக்கணும், மாஸ்டர்? காலையிலயே சொல்லியிருக்கலாம்லா.”

ஜெசிந்தா குனிந்து, குப்பை டப்பாவிலிருந்து பழைய வயர் ஒன்றை எடுத்தார். விரலால் நீவி, ஒடிந்த கம்பியின் பக்கத்தில் வைத்தார். பழையது ஒரு சாண் அதிகம் இருந்தது. அதை எடுத்துப் பத்துப் பன்னிரண்டு முறை மடக்கி நிமிர்த்தினார். ஒடியவில்லை. கோமதிநாயகத்தின் கையில் கொடுத்தார்.

அவரும் ஒருமுறை மடக்கி நிமிர்த்திப் பார்த்தார்.

“இது யார் போட்டது?”

“தெரியாது. நான் பொறக்கிறதுக்கு முந்தி போட்டது.”

அவர் டார்ச்சை எடுத்து உள்குழியின் மூலைகளில் அடித்துப் பார்த்தார்.

“பேரையே காணோம்.”

“எழுதலை, அண்ணாச்சி. ஆனா என்னைக்காவது நீங்க வந்து திறப்பீங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.”