வவ்வாத் தோப்பும் மூணாவது ஓலையும்

ஒரு ஊர்ல ஒரு ஆறு, ஆத்து நடுவுல அரமனை, அதுல ஒரு ராசா. பனி எறங்குனா அரமனை தண்ணிமேல மெதக்குற மாதிரியே தெரியுமாம். கண்ண மூடிக்க, உனக்கும் தெரியும். அந்த ராசாகிட்ட எதுனாச்சும் கேக்கணும்னா ஓலையில எழுதி, வாழமட்டையில வச்சு, ஆத்துல விடணும். அது பூவோட பூவா மெதந்து மெதந்து படித்தொறையில போயி நிக்கும். என்னடி சிரிப்பு, அது அவங்க வழக்கம்.

ஆத்தங்கரையில ஒரு இலுப்பத் தோப்பு, மரம் பூரா வவ்வா. அதுக பழத்தத் தின்னுட்டுக் கொட்டையக் கீழ போட, பொம்பளைங்க அதப் பொறுக்கி எண்ணெ ஆட்டி வயித்தக் கழுவுனாங்க. அப்புறம் என்னாச்சு, மாடராயன்னு ஒரு மந்திரி, "ராசா, வவ்வா எச்சத்துல ஊரே நாறுது, தோப்ப வெட்டிருவோம்"னான். ராசாவும் ஆகட்டும்னுட்டாரு. வெட்ட இன்னும் ஏழே நாளு.

ஊரே கூடி ஓலை எழுதுச்சு. ஒருத்தி அழுகைய எழுதச் சொன்னா, ஒருத்தன் மந்திரிய வையச் சொன்னான். ராசா படிச்சுட்டு, "பாவம், ஆனா உங்களுக்கு என்ன வேணும்?"னு ஓடக்காரன்கிட்டச் சொல்லிவிட்டாரு. அப்புறம் ரெண்டாவது ஓலை. "சூரியரே, சந்திரரே, தோப்ப வெட்டாதீக." ராசாவுக்கு மனசு குளுந்துபோச்சு. "சரி, ஏன் வெட்டக்கூடாது?"ன்னாரு.

அப்பக் கொட்ட பொறுக்குற பொன்னுருவி, "நான் எழுதுறேன்"னு சொல்லிட்டு, நேரா மந்திரி வீட்டுக்கே நடந்தா.

"கூறுகெட்டவளே, அவன் வீட்டுக்கா போற?"ன்னு ஊரே வைஞ்சுச்சு.

"அவரு சொல்றதக் கேக்காம நான் எதுக்குப் பதில் எழுதுறது?"ன்னா.

கேட்டுட்டு வந்து, உக்காந்து எழுதுனா. "நான் கொட்ட பொறுக்குற பொன்னுருவி. தோப்ப வெட்டவேணாம். ஏன்னா, அரமனை வெளக்கு எரியுறதே இந்தத் தோப்பு எண்ணெயிலதான். கூட வச்ச கொட்டையப் பாருங்க, வவ்வாப் பல்லு பட்ட தடம் இருக்கும், அதுக தின்னு போட்டாத்தான் எண்ணெ. மந்திரி நாறுதுங்கிறாரு. நெசந்தான், நாறும். ஆனா அந்த எச்சந்தான் எங்க வயலுக்கு எரு."

மூணாவது ஓலையும் மெதந்து மெதந்து போச்சு. ராசா கொட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, வெளக்கப் பாத்தாரு, மந்திரியக் கூப்புட்டாரு.

"நாறுதுன்னு நீ சொன்ன, அதுக்கு அவ பதில் சொல்லிட்டா. அவளுக்கு நீ என்ன பதில் சொல்ற?"

"நான் சொன்னாப் போதாதா ராசா?"

"போதாதே."

மந்திரி அவசரத்துல, "அப்ப என் புது மாளிகைக்கு மரம்?"னு வாயவிட்டுட்டான், கிறுக்குப் பய.

"ஓகோ"ன்னாரு ராசா. தோப்புமேல யாரும் கைவைக்கப்படாதுன்னு சொல்லி, மந்திரியக் கொட்ட பொறுக்க அனுப்பிட்டாரு.

இலுப்பப் பழ வாசத்துல தோப்பே கெறங்கிக் கெடக்கு, மந்திரி மட்டும் பட்டுத் தலப்பாவுல எச்சம் வழிய நிக்கிறான். பொறுக்குனான், பொறுக்குனான், இடுப்பு ஒடியப் பொறுக்குனான். அப்புறம் பொன்னுருவிகிட்ட வந்து, "தாயி, என்னைய விட்டுறச் சொல்லி ராசாவுக்கு ஒரு ஓலை எழுதிக் குடேன்"னான்.

"அதுக்கென்ன சாமி, எழுதுறேன். எந்தக் காரணத்தப் போடட்டும்?"

அவன் யோசிச்சான், யோசிச்சான், குனிஞ்சு அடுத்த கொட்டைய எடுத்தான்.

ஆத்துல ஓலையும் கரை சேந்துச்சு, நம்ம கதையும் கரை சேந்துச்சு. தூங்கு.