களிமண்ணில் எடுத்த கால் அளவு

"அம்மா, எந்தக் காலை முதல்ல வைக்கறது?"

கேட்டவன் கூத்தன். வயது ஐம்பது. வெண்கலம் வார்க்கும் கன்னார் தெருவுக்குத் தலைவன். அவன் செய்த விளக்குகள் கப்பலேறிக் கடல் தாண்டிப் போகின்றன. பெரிய வணிகர்களே அவன் வாசலில் காத்துக் கிடக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட ஆள், நொய்யல் கரை மண்டபத்துக்குச் சின்னப் பிள்ளை மாதிரி மூச்சிரைக்க ஓடி வந்து நின்றான்.

கையில் ஒரு ஜோடி புதுச் செருப்பு.

மண்டபத்தில் துறவி நங்கையம்மை சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். அவள்தான் அவனுக்குக் குரு.

"எதுக்கு?" என்றாள்.

"அரசர் ஆணை வந்துருச்சுங்கம்மா! கல்யாணத்துல இனி நாங்களும் ரெட்டைச் சங்கு ஊதலாம். பேரிகை கொட்டலாம். வீட்டுச் சுவத்துக்குச் சாந்து பூசலாம். தெருவுல செருப்புப் போட்டு நடக்கலாம்! நாளைக்குக் காலையில என் பொண்ணு கல்யாண ஊர்வலம். எங்க சனத்துலயே முதல் செருப்பு என் காலுலதான்!"

சொல்லும்போதே அவன் கண் நிறைந்துவிட்டது. சாமி சிலை வார்க்கிற கையை ஊரே கும்பிடும். அந்தக் கைக்கு உரியவனின் கால் மட்டும் பரம்பரை பரம்பரையாகச் சுடுமண்ணில் வெந்தது. சந்தோஷப்படாமல் என்ன செய்வான்?

"அப்புறம் ஏன் செருப்பு கையில இருக்கு?"

கூத்தன் முகம் வாடியது.

"கடிக்குதுங்க. நாலடி வெச்சா உயிர் போகுது. நாளைக்குப் பெரிய தெருவுல பாதியில கழட்டினேன்னு வைங்க, 'பாத்தியா, இவனுக்கெல்லாம் செருப்பு ஒட்டாது'ன்னு நிலக்காரங்க சிரிப்பாங்க. அதுக்கப்புறம் எங்க ஆள் ஒருத்தனும் போடத் துணிய மாட்டான். ஆணை ஓலையிலயே கிடக்கும்."

"அளவு எடுக்கலையா?"

"எடுத்தேனுங்களே! வார்ப்புக் களிமண்ணுல ரெண்டு காலையும் அழுத்தி, ஊர்க்கோடிப் பாறை மேல வெச்சுட்டு வந்தேன். நான் வீடு வந்து சேர்ந்த பிறகு சாத்தன் வந்து எடுத்துக்கிட்டான்."

சாத்தன் தோல் தைக்கிறவன். அவன் கை கன்னார் காலில் படக் கூடாது.

அம்மை கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"சரி. உன் கேள்வியைத் தரையில வை. பத்தடி தள்ளிப் போய் நில்லு. நான் வந்து எடுத்துக்கறேன்."

கூத்தன் சிரித்தான். அம்மை சிரிக்கவில்லை.

அவன் சிரிப்பும் நின்றுவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இந்த ஆணையைக் கேட்டு விண்ணப்ப ஓலையோடு அரண்மனை வாசலுக்குப் போனவன் அவன். 'ஓலையைத் தரையில் வை, பத்தடி தள்ளிப் போய் நில்' என்றான் அங்கிருந்த அதிகாரி. வைத்தான், போய் நின்றான். அன்று இதே மண்டபத்தில் வந்து விழுந்து, சோறு தண்ணீர் இல்லாமல் அழுதான்.

கூத்தன் செருப்பைக் கையில் பிடித்தபடி திரும்பி நடந்தான். பிறகு ஓடினான்.

ஊர்க்கோடிப் பாறையில் அவன் நிற்கவில்லை. அதைத் தாண்டிச் சாத்தன் வீட்டு வாசலுக்கே போனான்.

"ஐயா, அங்கேயே நில்லுங்க! நான் தள்ளிக்கறேன்!" சாத்தன் பதறி எழுந்தான்.

"தள்ளாதே. உட்காரு." கூத்தன் அவன் எதிரில் உட்கார்ந்து காலை நீட்டினான். "கடிக்குது. பாரு."

சாத்தன் அந்தக் காலையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். விரலால் ஒவ்வொரு இடமாக அழுத்தினான்.

"சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல ஏறியிருக்குதுங்க. மண்ணுல இது எப்படித் தெரியும்? அதுபோக, நான் வந்து எடுக்கறதுக்குள்ள பாறை வெயில்ல காஞ்ச மண்ணு. களிமண் காஞ்சா சுருங்கும்னு வெண்கலம் வார்க்கறவருக்கு நான் சொல்லணுங்களா?"

முப்பது வருஷமாகத் தன் பட்டறை ஆட்களை இதற்காகவே திட்டித் தீர்த்தவன் கூத்தன். வெட்கம் தாங்காமல் வாய்விட்டுச் சிரித்தான். சாத்தனும் சிரித்தான்.

வாரை அவிழ்த்து, நனைத்து, இழுத்துத் தைத்துக் கொடுத்தான் சாத்தன். கூத்தன் போட்டு நடந்தான். குதித்தும் பார்த்தான். கடிக்கவே இல்லை.

மறுநாள் காலை கன்னார் தெரு கொள்ளாத கூட்டம். எண்ணெய் ஆட்டுகிறவர்கள் வந்தார்கள், நெசவுக்காரர்கள் வந்தார்கள். அடுத்த ஆணை தங்களுக்குத்தான் என்று அவர்களுக்கு ஒரே பரபரப்பு.

பேரிகைக்காரன் கோலை ஓங்கிவிட்டான். இரண்டு சங்கும் உதட்டுக்குப் போய்விட்டன. கூத்தன் செருப்புக் காலோடு வாசற்படியில் நின்றான். ஓரடி இறங்கினால் தெரு.

அப்போதுதான் பார்த்தான். தெருமுனைக்கு அப்பால் சாத்தன். தான் தைத்த செருப்பு நடக்கிற அழகைப் பார்க்க வந்திருந்தான். வெறுங்கால்.

"சாத்தா! உன் செருப்பு எங்கே?"

"வீட்டுல இருக்குதுங்க. உங்க தெருவுல நாங்க போடக் கூடாதுங்களே. உங்க அப்பா காலத்துல உங்க தெருக்காரங்க வெச்ச கட்டுப்பாடு."

கூட்டம் கூத்தனைத் திரும்பிப் பார்த்தது.

"சங்கை இறக்குங்க" என்றான் கூத்தன். "சாத்தா, ஓடு! போட்டுக்கிட்டு இங்கே வா!"

சாத்தன் ஒரு கணம் திகைத்தான். அப்புறம் ஓடினான் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம்!

"நல்ல நேரம் போகுது!" மாப்பிள்ளை வீட்டார் கத்தினார்கள். கூத்தன் நகரவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நங்கையம்மை முன்னால் வந்தாள்.

"நேத்து ஒண்ணு கேட்டியே கூத்தா. எந்தக் காலை முதல்ல வைக்கப் போறே?"

"சாத்தன் காலைங்க."