செசிலி இழுத்த கயிறு

எந்தக் கடல், எந்த ஊர் என்று கேட்டு என்னை வம்பில் மாட்டிவிடாதீர்கள். ஒரு கடற்கரை ஊர். அதற்கு எதிரே கடலுக்கடியில் ஒரு பவளப்பார், அதாவது மீன்கள் குடியிருக்கும் பவளப்பாறைத் திட்டு. அந்தப் பாருக்கு வேண்டாத விருந்தாளி ஒன்று வந்து சேர்ந்தது. யாரோ ஒரு பணக்காரர் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து, சலித்துப்போய்க் கடலில் கொட்டிவிட்ட அயல்நாட்டு மீன். உடம்பெல்லாம் சிவப்பு வரி, விசிறி விசிறியாகச் செட்டை, முதுகெல்லாம் நஞ்சு முள். ஊரார் அதற்குச் சிங்காரி என்று பெயர் வைத்தார்கள். சிங்காரி பல்கிப் பெருகி, பாரில் பிறந்த குஞ்சு மீனையெல்லாம் விழுங்கித் தீர்த்தது. கரைவலை காலியாக ஏறியது. சிங்காரியோ வலையிலும் சிக்காது, தூண்டிலையும் சீண்டாது. மூழ்கிப் போய் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தால்தான் உண்டு.

ஆண்கள் கொஞ்ச நாள் குத்தினார்கள். சங்குக் காலம் வந்ததும் குத்துக்கம்பைக் கரையில் போட்டுவிட்டுச் சங்கு குளிக்கப் போய்விட்டார்கள். அப்போதுதான் அமலி ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றாள். கரையோரத்தில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கிறவள் அவள். பெண்கள் கரையோரத்தைத் தாண்டக் கூடாது, பார் ஆண்களுக்கு என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு.

"நாங்க முங்கிக் குத்துறோம். ஆனா அதுக்கப்புறம் பார்ல எங்களுக்கும் பங்கு வேணும்."

"முங்குவ, சரி. ஒனக்குக் கயிறு பிடிக்க யாரு இருக்கா?" என்று சிரித்தார் ஊர்த்தலைவர் ரெமிஜியுஸ்.

அவர் கேட்டதில் விஷயம் இருந்தது. அங்கே மூழ்குகிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவன் மனைவியின் தம்பி கையிலோ அண்ணன் கையிலோதான் இருக்கும். கூடப்பிறந்தவள் தாலியறுப்பதை எந்த மச்சானும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் அல்லவா? ரெமிஜியுஸே ஒருமுறை பெரிய சங்கைக் கண்ட ஆசையில் மேலே வர மறந்து கிடந்தவர். மச்சான் கேட்காமல் கொள்ளாமல் இழுத்துப் போட்டதால்தான் இன்று தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

அமலி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எம் புருசன் தங்கச்சி பிடிப்பா" என்றாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "நாத்தனா கையிலயா உசுரைக் குடுக்கப் போற?" என்று ஒருவர் கத்தினார். ஒரு மீன்சட்டிக்காக அமலியும் அந்த நாத்தனார் செசிலியும் மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்தது ஊரறிந்த கதை. செசிலிக்கு முகமெல்லாம் எரிந்தது. சிரித்தவர்களைப் பார்த்தபடியே எழுந்து வந்து மதினி பக்கத்தில் நின்றாள்.

ரெமிஜியுஸ் பந்தயம் வைத்தார். பார்க் குகையில் ஒரு கிழட்டுச் சிங்காரி இருக்கிறது, அதைக் கொண்டுவர வேண்டும். அமலி கயிற்றைச் சுண்டினால் மட்டுமே செசிலி இழுக்கலாம். சுண்டாமல் இழுத்தால் தோல்வி, பெண்களுக்குப் பார் கிடையாது. செசிலி வாய் திறப்பதற்குள் அமலி ஒப்புக்கொண்டாள். பிறகு செசிலியை மாதா மேல் சத்தியமும் செய்யவைத்தாள்.

பந்தயத்தன்று படகில் செசிலி, ரெமிஜியுஸ், துடுப்புப் போட அமலியின் கணவன். அமலி குதித்ததும் செசிலி தன் வாயை இறுக மூடி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். பந்தயத்துக்காக இருவரும் கரையோரத்தில் பழகிய நாளிலிருந்தே அப்படித்தான்: மதினி மூச்சடக்கினால் இவளும் அடக்குவாள். தன் மூச்சு முட்டும் முன் கயிறு எப்போதும் சுண்டிவிடும்.

அன்று சுண்டவில்லை. செசிலிக்கு நெஞ்சு அடைத்தது, காது இரைந்தது. தாங்க முடியாமல் வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். மூச்சு வந்ததும்தான் பயம் வந்தது. எனக்கே முடியவில்லையே, அவளுக்கு?

"சுண்டலையே! தொடாத!" என்றார் ரெமிஜியுஸ்.

சத்தியமாவது, பந்தயமாவது. செசிலி இழுத்தாள். உள்ளங்கைத் தோல் உரிய இழுத்தாள்.

அமலி பாதி உயிராக மேலே வந்தாள். வலக்கை முள் குத்தி வீங்கிக் கிடந்தது. இடக்கை குத்துக்கம்பை விடவேயில்லை. கம்பின் நுனியில் கிழட்டுச் சிங்காரி. கரையில் நஞ்சு இறங்கச் சுடுதண்ணீரில் கையை வைத்ததும் முதல் வேலையாக நாத்தனார் மேல் பாய்ந்தாள்.

"ஏன்டி இழுத்த? சோத்துக்கை மரத்துப்போச்சு. சுண்டணும்னா கம்பை விடணும், விட்டா மீன் போயிடும். நானா வந்திருப்பேன். எல்லாப் பொம்பளையளுக்கும் பாரைத் தொலைச்சுட்டியே!"

"எங்கண்ணனுக்கு இன்னொருத்தி பாத்துக் கட்டிவைக்க எனக்குத் தெம்பில்ல, மதினி. ஒன்னோட சண்டை போட்டே பாதி சீவன் போச்சு."

"பேச்சுன்னா பேச்சுதான்" என்றார் ரெமிஜியுஸ். "மீன் வந்துச்சு, இல்லங்கல. ஆனா சத்தியம் போச்சு. பார் கிடையாது."

கதை கேட்டுக்கொண்டிருப்பவர்களே, பேச்சு மாறாமல் நின்றார் தலைவர். எல்லாப் பெண்களுக்காகவும் உயிரைப் பணயம் வைத்துக் கம்பை விடாமல் இருந்தாள் அமலி. மாதா மேல் செய்த சத்தியத்தை மீறிக் கயிற்றை இழுத்தாள் செசிலி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: செசிலி செய்ததுதான். மச்சான் கையில் கயிற்றைக் கொடுப்பது அவன் சொன்னபடி கேட்பான் என்பதற்காக அல்ல. மூழ்கியவன் புத்தி மழுங்கும் நேரத்தில், அவன் சொல்லை மீறியாவது இழுப்பான் என்பதற்காக. சுண்டினால்தான் இழுக்கலாம் என்றால் அந்தக் கயிற்றை ஒரு மரத்தில் கட்டிவிட்டுப் போகலாமே! அமலியின் வீரம் பெரிதுதான். ஆனால் உயிரை விட்டுக் கிடைக்கும் பாரில் மூழ்கப்போவது யார்? ரெமிஜியுஸ் மேல்தான் எனக்குக் கோபம். கேட்காமல் இழுத்த கையால் பிழைத்த மனிதர், அதே காரியத்தை ஒரு பெண் செய்ததும் குற்றம் என்றார். அவர் அனுமதி தரவேயில்லை. பெண்களும் பிறகு கேட்கவில்லை. மறுநாள் விடிந்ததும் பாசிக்காரப் பெண்கள் அத்தனை பேரும் நேராகப் பாருக்குப் போனார்கள். ஒவ்வொருத்தி கயிறும் அவளவள் நாத்தனார் கையில் இருந்தது.